கதையில் வரும் ‘நான்’ யார்? கதைசொல்லி பற்றி ஓர் எளிய அறிமுகம்

வாசகர் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கதை ‘நான்’ என்று தொடங்கியிருக்கும். படித்தவர் எழுந்து, “ஐயா, இது உங்கள் வாழ்க்கையில் நடந்ததுதானே?” என்பார். எழுத்தாளர் இல்லை என்பார். கேட்டவர் அரை மனதோடு உட்காருவார். இது வெறும் ஆர்வமாக இருக்கும்வரை பரவாயில்லை. ஆனால் கதையில் பேசும் ஒருவன் ஒரு சாதியைப் பற்றியோ பெண்களைப் பற்றியோ மட்டமாகப் பேசிவிட்டால், எழுதியவரே அப்படி நினைக்கிறார் என்று சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கதை எழுதக் கற்றுக்கொள்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். “‘நான்’ போட்டு எழுதினால் உணர்ச்சி வரும், ‘அவன்’ போட்டு எழுதினால் நடுநிலை வரும்” என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறார்கள். இரண்டும் வருவதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம்மிடம் உள்ள சொல்லும் ஒரு காரணம். பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குக் கதை சொல்பவரைக் கதைசொல்லி என்கிறோம். கி. ராஜநாராயணன் போன்ற எழுத்தாளரையும் கதைசொல்லி என்கிறோம். அவர் நடத்திய இதழுக்கே அந்தப் பெயர்தான். கதைக்குள் இருந்துகொண்டு நமக்கு நடந்ததை எடுத்துச் சொல்லும் குரலுக்கும் கதைசொல்லி என்றே பெயர். முதல் இருவரும் நம்மைப் போன்ற மனிதர்கள். மூன்றாவது, எழுதியவர் உண்டாக்கிய ஒரு குரல். இந்தக் கட்டுரையில் கதைசொல்லி என்றால் அந்தக் குரல் மட்டும்தான்.

பந்தியில் எழுந்து போன பெரியப்பா

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தி. பெண்ணின் பெரியப்பா ராமலிங்கம் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கூட்டு, பொரியல், வடை, ஜாங்கிரி எல்லாம் வைத்தாயிற்று. சாதம் வரும் நேரத்தில் அவர் இலையை மூடிவிட்டு எழுகிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். நடந்தது இவ்வளவுதான்.

அன்று சாயந்திரத்துக்குள் இது எத்தனை கதையாகியிருக்கும் என்று பாருங்கள். பெண்ணின் அம்மா போனில் தன் தங்கையிடம், “பத்திரிகையில் பேரைக் கீழே போட்டுவிட்டோம் என்று மூன்று மாதமாக மனதில் வைத்திருந்தார், இன்றைக்குக் காட்டிவிட்டார்” என்கிறார். பரிமாறிய பையன் சமையல்காரரிடம், “பக்கத்து இலைக்கு ரெண்டு வடை போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார் அண்ணே” என்கிறான். மாப்பிள்ளை வீட்டாருக்கு ராமலிங்கம் யாரென்றே தெரியாது. யாரோ ஒரு பெரியவர் சாப்பிடாமல் போனார், அவ்வளவுதான். வீடியோக்காரரின் கேமராவில் அவர் முதுகு மட்டும் பதிவாகியிருக்கிறது. ராமலிங்கமோ வீட்டுக்குப் போய் மனைவியிடம், “கோபமா, எனக்கா? வயிறு சரியில்லை” என்கிறார்.

நடந்தது ஒன்று, கதை ஐந்து. ஐந்தும் ஏன் மாறின? சொல்கிறவர் மாறினார். அவருக்குத் தெரிந்தது மாறியது. அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது மாறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யாரிடம் சொல்கிறார் என்பதும் மாறியது. பெண்ணின் அம்மா தங்கையிடம் சொன்னதைச் சம்பந்தியிடம் சொல்லமாட்டார். அங்கே அவரே, “அவருக்குச் சர்க்கரை, பாவம், நேரத்துக்கு மாத்திரை போடணும்” என்று வேறு கதை சொல்வார்.

கதை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் நிற்கிறார். என்ன நடந்தது என்பதை முடிவு செய்தால் மட்டும் போதாது. அதை யார் வாயால், யார் காதுக்குச் சொல்லப் போகிறோம் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

எழுதியவர் வேறு, சொல்பவர் வேறு

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எழுதியவர் கபிலர். பாட்டில் பேசுவதோ ஒரு பெண். தனியிடத்தில் தன்னோடு கூடிய காதலன், நாளைக்கு வாக்கு மாறினால் “யான் எவன் செய்கோ”, நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். அன்றைக்கு அங்கே சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற மெல்லிய பச்சைக் கால்களோடு ஒரு குருகு மட்டும் நின்றது. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ‘யான்’ கபிலர் இல்லை. அதை யாரும் அன்றைக்கு விளக்கிக்கொண்டிருக்கவும் இல்லை. பாட்டோடு ‘தலைவி கூற்று’ என்று ஒரு குறிப்பு வருகிறது. கூற்று என்றால் யார் சொல்வது என்பது. அகப்பாடல்கள் முழுக்க இப்படித்தான். தலைவி பேசுவாள், தலைவன் பேசுவான், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். புலவர் தன் பெயரில் தன் காதலைப் பேச இடமில்லை. எந்தச் சந்தர்ப்பத்தில் யார் பேசலாம் என்று தொல்காப்பியம் வகுத்தே வைத்திருக்கிறது. எழுதியவரையும் பேசும் குரலையும் பிரித்துப் பார்ப்பது ஏதோ புதிய இலக்கியக் கொள்கை என்று நினைக்கிறோம். நமக்கு அது மிகப் பழைய பழக்கம். இடையில் எங்கோ மறந்திருக்கிறோம்.

தமிழின் முதல் நாவலிலும் இது தெளிவாக இருக்கிறது. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முழுவதும் ‘நான்’ என்றே போகிறது. அந்த நான், சத்தியபுரியில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரதாப முதலியார். எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கிறிஸ்தவர். ஊர், தொழில், சமயம் எதுவும் இருவருக்கும் ஒன்றில்லை. எழுதியவருடைய கருத்துகள் நாவலில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சொல்ல அவர் இன்னொருவரை உட்கார வைத்திருக்கிறார்.

அப்படியானால் எழுதியவர் தன் வாழ்க்கையைக் கதையில் வைப்பதே இல்லையா? வைக்கிறார், நிறைய வைக்கிறார். ஆனால் கதைக்குள் வந்ததும் அந்த வாழ்க்கை வெட்டி, ஒட்டி, வேறு ஆளின் குரலுக்குள் போய்விடுகிறது. “இது உங்களுக்கு நடந்ததா?” என்று கேட்பதைவிட, “இதைச் சொல்கிற இந்த ஆள் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் கதை நிறையப் பதில் சொல்லும்.

இதுவரை பார்த்தது: கதைசொல்லி என்பது எழுதியவர் உண்டாக்கிய குரல். அந்தக் குரலுக்குத் தெரிந்தது, தெரியாதது, அது யார் பக்கம், யாரிடம் பேசுகிறது என்பவற்றைப் பொறுத்தே கதை உருவாகிறது.

தன்மை, படர்க்கை, முன்னிலை

பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்த மூன்று சொற்களே இங்கேயும் உதவும். கதைசொல்லி ‘நான்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு கதைக்குள் இருந்தால் தன்மைக் கதைசொல்லி. தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ என்று மற்றவர்களை மட்டும் சொன்னால் படர்க்கைக் கதைசொல்லி. ‘நீ’ என்று ஒருவரை நோக்கியே கதை முழுவதையும் சொன்னால் முன்னிலைக் கதைசொல்லி. மூன்றாவது அபூர்வம். “நீ இலையை மூடுகிறாய். எல்லோரும் உன்னைப் பார்க்கிறார்கள்” என்று போகும். நாலு பக்கத்துக்கு நன்றாக இருக்கும், நாவல் முழுவதும் தாங்குவது கஷ்டம். இதற்கு மேல் அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

தன்மைக் கதைசொல்லியில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தன் கதையைத் தானே சொல்பவர். இன்னொன்று, பக்கத்தில் நின்று மற்றவர் கதையைச் சொல்பவர். இரண்டாமவரைச் சாட்சிக் கதைசொல்லி என்று வைத்துக்கொள்ளலாம். நம் பந்தியில் பரிமாறிய பையன் அப்படிப்பட்டவன்.

அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சினிமாக் கம்பெனி அலுவலகத்துக்கு டைகர் ஃபைட் காதர் என்பவர் வேலை கேட்டு வருகிறார். அலுவலக அறைக்குள்ளேயே புலியாக மாறிக் காட்டுகிறார். இதை நமக்குச் சொல்வது அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆள். காதரே ‘நான்’ என்று சொல்லியிருந்தால் அவருடைய வறுமை, பசி, ஏக்கம் எல்லாம் நேராக வந்திருக்கும். ஆனால் அந்தப் புலி வந்திருக்காது. தான் புலியாக மாறும்போது எப்படி இருக்கிறோம் என்பதை அவரால் பார்க்க முடியாதே! அந்த வியப்பு, பார்த்துக்கொண்டு நின்றவருக்குத்தான் கிடைக்கும். காதரின் மனதுக்குள் நாம் ஒருமுறைகூடப் போவதில்லை. அதனால்தான் அந்த மனிதரின் வலி இவ்வளவு கனமாக விழுகிறது என்று நினைக்கிறேன்.

ஒரே சம்பவம் தன்மைக்கும் படர்க்கைக்கும் மாறும்போது என்ன ஆகிறது என்பதை ஜெயகாந்தனிடம் பார்க்கலாம். ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் வந்த சிறுகதை, படர்க்கையில் எழுதப்பட்டது. மழையில் ஒருவனுடைய காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் பெண்ணுக்கு அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பிறகு வந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்கா என்ற பெண் ‘நான்’ என்று பேசுகிறாள். அவளுக்கு நடந்ததும் அதே மழை, அதே கார். ஆனால் அவளுடைய அம்மா கத்திக் கூப்பாடு போட்டு ஊருக்கே தெரியவைத்துவிட்டாள். அந்தச் சிறுகதையை இந்தக் கங்கா படிக்கவும் செய்கிறாள்! படர்க்கையில் ஓர் அம்மாவின் பெருந்தன்மையாக இருந்தது, பாதிக்கப்பட்டவளின் ‘நான்’ வழியாக வரும்போது கிடைக்காமல் போன ஒன்றாக ஆகிவிடுகிறது.

கதைசொல்லிக்கு எவ்வளவு தெரியும்?

ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும். வயலுக்கு எவ்வளவு போகும் என்பது மதகைத் திறக்கிறவர் கையில் இருக்கிறது. படர்க்கைக் கதைசொல்லி அப்படி மதகடியில் நிற்பவர். எல்லாப் படர்க்கைக் கதைகளும் ஒரே மாதிரி இல்லாததற்குக் காரணம் இதுதான். மதகை எவ்வளவு தூக்குகிறார் என்பதைப் பொறுத்து மூன்று நிலைகளைப் பார்க்கலாம்.

முழுவதும் திறந்தால் இப்படி இருக்கும்:

“பத்திரிகையில் பெயர் கீழே போனதற்காகத்தான் ராமலிங்கம் எழுந்தார். மணமேடையில் இருந்த பெண்ணுக்கு அது தெரியவில்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் எழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த ஏழு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.”

ஒரே மூச்சில் இரண்டு பேர் மனதுக்குள் போய், ஏழு வருடம் தள்ளியும் பார்த்துவிட்டு வருகிறது இந்தக் குரல். இதை எல்லாம் அறிந்த கதைசொல்லி என்பார்கள்.

பாதி திறந்தால்:

“பக்கத்து இலையில் இரண்டு வடை. ராமலிங்கம் தன் இலையைப் பார்த்தார். ஒன்று. போகட்டும், சின்ன விஷயம். சின்ன விஷயமா? இதே தம்பி படிப்பதற்காக உழவு மாட்டை விற்றுப் பணம் கட்டியவனுக்கு ஒரு வடைக்கு வழியில்லையா?”

இங்கே ஒரே ஒருவர் மனதுக்குள்தான் இருக்கிறோம். “என்று நினைத்தார்” என்று எங்கும் இல்லை. இருந்தாலும் “சின்ன விஷயமா?” என்று கேட்பது யார் என்று நமக்குத் தெரிகிறது. ஒரு சின்னத் தடயத்தைக் காட்டுகிறேன். கதைசொல்லி அவரைப் ‘பார்த்தார்’ என்று மரியாதையாகச் சொல்கிறார். கடைசி வரியில் ‘பணம் கட்டியவர்’ இல்லை, ‘பணம் கட்டியவன்’. தன்னைத் தானே நினைத்துக்கொள்ளும்போது யாரும் மரியாதை போட்டுக்கொள்வதில்லை அல்லவா? அந்த ‘வன்’ வந்த இடத்தில் கதைசொல்லியின் குரலுக்குள் ராமலிங்கத்தின் குரல் கலந்துவிட்டது.

மூடியே வைத்தால்:

“அறுபது வயதிருக்கும் ஒருவர் இலையை மூடினார். எழுந்தார். செருப்புகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தேடினார். வெளியே போனார்.”

வீடியோக்காரரின் கேமரா மாதிரி. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும். காரணத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று நினைப்பது இன்னொரு தவறு. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் கதைசொல்லிக்குத் தஞ்சைக் கோட்டையின் சுரங்க வழியிலிருந்து ஈழக் கடல்வரை தெரியாத இடமில்லை. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற இடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. பழியைப் பலர் சுமக்கிறார்கள், கதைசொல்லி தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் கதை சொல்லும் முறைதான்.

அப்புறம், எல்லாம் அறிந்தவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையில் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்கக் காசில்லாமல் தன் உடலை விற்கும் அம்மாளுவின் நிலையைச் சொல்லி முடித்ததும் கதைசொல்லி நேராக நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று பேசுகிறீர்களே, “இதுதான், ஐயா, பொன்னகரம்!” என்கிறார். அதுவரை மறைந்திருந்த குரல் சட்டென்று ஒரு மனிதனின் கோபமாகிறது.

பேசுவது யார், பார்ப்பது யார்?

இவை இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. கதையை யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதற்கு நோக்குநிலை என்று பெயர். யாருடைய வாயிலிருந்து கேட்கிறோம் என்பது கதைசொல்லி. இதைப் படியுங்கள்:

“எனக்கு அப்போது ஏழு வயது. பெரியப்பா எழுந்ததும் அவர் இலையில் இருந்த ஜாங்கிரியை இனி யார் எடுப்பார்கள் என்பதுதான் என் கவலை. அப்பா அவர் பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினேன்.”

பேசுவது இன்றைக்கு நாற்பது வயதான ஒருவர். பார்ப்பது ஏழு வயதுக் கண். அந்தக் கண்ணுக்குப் புரியாதது நமக்குப் புரிகிறது. அந்த இடைவெளியில்தான் இந்தப் பத்தியின் வலி இருக்கிறது. “அப்பா ஓடினார், பிறகுதான் எனக்குப் புரிந்தது” என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். நோக்குநிலை உடனே நாற்பது வயதுக்குத் தாவிவிடும், வலியும் குறைந்துவிடும். புதிதாக எழுதுபவர்களின் கதை படிக்கும்போது எங்கோ இடறுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, தெரியாமல் இன்னொருவர் மனதுக்குள் போய்விடுவார்கள்.

ஆக, ‘நான்’ என்றோ ‘அவர்’ என்றோ வருவது மேலே தெரியும் அடையாளம் மட்டும். அதற்குக் கீழே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது? கண் யாருடையது?

தமிழ் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

இந்த விஷயத்தைத் தமிழில் பேசும்போது, நம் மொழிக்கே உரிய சில தடயங்களைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது.

முதலாவது, மரியாதை. தமிழில் “ராமலிங்கம் இலையை மூடினான்” என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் “மூடினார்” என்று சொல்ல வேண்டும். வினைச்சொல் முடியும்போதே சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். இப்போது ஒரு கதையில் “பெரியப்பா எழுந்தார், இலை எடுக்கிற மாரி வந்து இலையைத் தூக்கிக் கூடையில் போட்டான்” என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாரிக்கும் அறுபது வயதுதான் என்று அடுத்த வரியில் தெரியவருகிறது. அப்படியானால் ஒருவருக்கு ‘ஆர்’, இன்னொருவருக்கு ‘ஆன்’ போட்டது யார்? ‘நான்’ என்று ஒருமுறைகூடச் சொல்லாத அந்தக் கதைசொல்லி. அவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார் என்பது அந்த இரண்டு எழுத்தில் தெரிந்துவிடுகிறது. படர்க்கை என்றாலே நடுநிலை என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுதியவர் தெரிந்தே அப்படி ஒரு கதைசொல்லியை வைத்திருக்கலாம். ஊர்ப் பழக்கம் அவரை அறியாமல் பேனாவுக்குள் வந்திருக்கலாம். எது என்பதை மற்ற வரிகளையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது, நாம், நாங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; விலக்கினால் நாங்கள். எத்தனையோ மொழிகளில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும்போது, கால வெள்ளத்தில் கற்பனை ஓடம் ஏறி “நம்முடன்” பிரயாணம் செய்ய வரும்படி நேயர்களை அழைக்கிறார் கதைசொல்லி. ‘எம்முடன்’ என்று சொல்லவில்லை. படகில் நமக்கும் ஓர் இடம் போட்டாயிற்று. மாறாக, “எங்கள் தெருவில் நீங்கள் யாரும் வந்ததில்லை” என்று ஒரு கதை தொடங்கினால், படிக்கிற நாம் வெளியாள் என்று முதல் வரியிலேயே அறிவித்தாயிற்று. கதைசொல்லி யாரிடம் பேசுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

மூன்றாவது, ‘ஆம்’ என்ற ஈறு. “ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம். அவனுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்” என்று பாட்டி சொல்கிறாள். அந்த ‘ஆம்’ என்ன சொல்கிறது? நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன் என்கிறது. பாட்டிக்குப் பின்னால் இன்னொரு பாட்டி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. “ராஜா இருந்தான்” என்று ‘ஆம்’ இல்லாமல் சொன்னால், சொல்கிறவரே அதற்குப் பொறுப்பு. வாய்மொழிக் கதையிலிருந்து அச்சுக் கதைக்கு வந்தபோது அந்த ஈறு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

எல்லாக் கதைசொல்லியையும் நம்பலாமா?

பெரியப்பாவையே பேசவிடுவோம்:

“எனக்குக் கோபம் என்று யார் சொன்னது? பத்திரிகையில் என் பெயர் ஏழாவது வரியில் இருந்ததை நான் கவனிக்கக்கூட இல்லை. பக்கத்து இலைக்கு இரண்டு வடை போனதை எண்ணிக்கொண்டா இருந்தேன்? வயிறு சரியில்லை, எழுந்தேன். பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.”

கோபம் இல்லை என்கிறார். கவனிக்காதவருக்கு ஏழாவது வரி எப்படித் தெரியும்? வயிறு சரியில்லாதவர் நாலு இட்லி எப்படிச் சாப்பிட்டார்? அவர் சொல்வது ஒன்று, அவர் சொல்லிலிருந்தே நமக்குத் தெரிவது இன்னொன்று. இப்படிப்பட்டவரை நம்பகமற்ற கதைசொல்லி என்பார்கள். எழுதியவர் நம்மை ஏமாற்றுகிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. கதைசொல்லிக்குத் தெரியாமல் எழுதியவர் நமக்குத் துப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஏழாவது வரியையும் நாலு இட்லியையும் வேண்டுமென்றே வைத்தவர் அவர்தான். எழுதியவர் வேறு, சொல்பவர் வேறு என்பது புரியாவிட்டால் இந்த வகைக் கதையைப் படிக்கவே முடியாது. மட்டமாகப் பேசும் கதைசொல்லியை எழுதியவராகவே நினைத்துக் கோபப்படுவதும் இங்கேதான் நடக்கிறது.

நம்பகமற்றவர் என்றால் பொய்யர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஏழு வயதுக் குழந்தை பொய் சொல்லவில்லை, அதற்குப் புரியவில்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் ‘நான்’ என்று பேசுபவர் கதை எழுதுகிறவர். வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தவள் பேயா, அல்லது தன் மனம்தான் அப்படிக் காட்டுகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. அவர் நம்மை ஏய்க்கவில்லை, அவரும் நம்மோடு சேர்ந்து தவிக்கிறார். கடைசிவரை உறுதி கிடைக்காததால்தான் அந்தக் கதை படித்து முடித்த பிறகும் இரவில் வந்து நிற்கிறது.

வேண்டுமென்றே பொய் சொல்லும் கதைசொல்லிக்கு 2004இல் வந்த ‘விருமாண்டி’யை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிறையில் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், பிறகு விருமாண்டி அதே சம்பவங்களை வேறாகச் சொல்கிறான். படத்தின் பலம் எங்கே என்றால், கொத்தாளத் தேவர் சொல்வதையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். வாயால் சொன்னால் சந்தேகப்படும் நாம், திரையில் தெரிந்தால் நடந்தது என்றே எடுத்துக்கொள்கிறோம். சினிமாவில் படக்காட்சியும் யாரோ ஒருவர் சொல்வதுதான் என்பது, இரண்டாவது கதை தொடங்கிய பிறகுதான் உறைக்கிறது.

கதைக்குள் கதை

ஒரு கதைசொல்லி பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே இன்னொருவர் கதை சொல்லத் தொடங்கினால், அதைக் கதைக்குள் கதை என்கிறோம். மகாபாரதப் போரை நாம் நேராகப் பார்ப்பதில்லை. வியாசரிடம் தொலைவைக் காணும் கண் பெற்ற சஞ்சயன், பார்வையற்ற திருதராஷ்டிரனுக்குச் சொல்கிறான். கேட்பவர் யார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். களத்தில் விழுகிற ஒவ்வொருவனும் அவருடைய மகனாகவோ உறவாகவோ இருக்கிறான். வேறு யாருக்குச் சொன்னாலும் வீரக்கதையாக இருந்திருக்கும். இவருக்குச் சொல்வதால் இழவுச் செய்தியாகிறது.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தில் மங்கத்தாயாரு அம்மாள் என்ற மிக வயதான பூட்டி, தங்கள் கூட்டம் தெலுங்கு நாட்டை விட்டுத் தெற்கே தப்பி வந்த கதையைச் சொல்ல, வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். வரலாற்றுப் புத்தகம் மாதிரி ஆண்டும் தேதியும் போட்டு இதைச் சொல்லியிருந்தால் நாம் சரிபார்க்கத் தொடங்கியிருப்போம். பூட்டி சொல்லும்போது சரிபார்க்கத் தோன்றுவதில்லை. அவள் நினைவில் எது எப்படி நின்றதோ அதுவே அந்த ஊருக்கு வரலாறு.

சிலப்பதிகாரத்தில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. கண்ணகியின் கதையைப் புலவர் சாத்தனார் சொல்ல, காப்பியத்தை எழுதிய இளங்கோ கேட்டதாக அதன் முன்னுரையான பதிகம் சொல்கிறது. பிறகு புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டமும் பெரும்பாலும் படர்க்கையிலேயே போகின்றன. கோவலன் வெட்டப்படும்போதும் மதுரை எரியும்போதும் சொல்கிறவர் முன்னால் வருவதில்லை. முப்பது காதைகளில் கடைசியான வரந்தரு காதையில், அரசன் செங்குட்டுவன் வேள்விச் சாலைக்குப் போன பிறகு, “யானும் சென்றேன்” என்று ஒரு குரல் கேட்கிறது. இளங்கோ கண்ணகியின் கோயிலுக்குள் நடந்து போகிறார். தன் தோழி தேவந்திகைமேல் வந்து இறங்கிய கண்ணகி, அவர் எதிரில் எழுந்து, அவர் தன் அண்ணனுக்காக அரசைத் துறந்த கதையை அவருக்கே சொல்கிறாள்.